கதைக்குத் தேவைப்படாத ஒன்றை வைத்திருக்கும் பெண்கள்

கதைகளிலும் நாவல்களிலும் வரும் பெண்களில் உங்களுக்குப் பிடித்தவர்கள் யார், வாசகர்கள் சிலரை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பது கேள்வி. ‘அவர்கள் வலிமையான பெண்கள் என்பதுதான் காரணமா’ என்று ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது.

துணைக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. வலிமையான பெண்மீது மரியாதை வரும். பிரியம் வருவது வேறு கணக்கு. கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் குந்தவையையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவு, அழகு, அரசியல் நிதானம், எல்லாம் உண்டு. இலங்கையிலிருந்து தம்பியை வரவழைப்பதில் தொடங்கி சோழ நாட்டின் பாதிக் காரியம் அவள் யோசனைப்படிதான் நடக்கிறது. ஆனாலும் அந்த நாவலை வாசித்தவர்களிடம் ‘யாரைப் பிடிக்கும்’ என்று கேட்டால் பெரும்பாலும் பூங்குழலி என்றோ நந்தினி என்றோதான் பதில் வரும். குந்தவை வரலாற்றில் இருந்தவள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவள் கொடுத்த கொடைகள் இருக்கின்றன. மற்ற இருவரும் கல்கியின் கற்பனை. கல்வெட்டில் இருப்பவளை விட்டுவிட்டு இல்லாத இருவரின் பின்னால் வாசகர்கள் போனதற்குக் காரணம் இருக்கிறது. குந்தவை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறாள். எப்போதும் சரியாக இருப்பவர்களிடம் நமக்கு வேலை இல்லை.

பூங்குழலியைப் பாருங்கள். கதைக்கு அவளால் முதலில் ஆகவேண்டிய காரியம் இதுதான்: கதாநாயகன் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோய் விடவேண்டும். இதற்கு ஒரு படகோட்டி போதும். பெண்ணாக இருந்தால் கொஞ்சம் சுவாரசியம், அவ்வளவுதான். கல்கி அங்கே நிறுத்தவில்லை. கோடிக்கரையில் இரவு நேரத்தில் அவள் வந்தியத்தேவனை அழைத்துப்போய், சதுப்பு நிலத்தில் குப்குப்பென்று கிளம்பி அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, ‘இவர்கள்தான் என் காதலர்கள்’ என்கிறாள். இந்தக் காட்சி இல்லாவிட்டாலும் படகு இலங்கைக்குப் போயிருக்கும். கதைக்கு இது தேவையே இல்லை. ஆனால் இது இல்லாவிட்டால் பூங்குழலியே இல்லை. தனக்குக் கிடைக்காத ஒருவனை நினைத்து, அந்த ஏக்கத்தை யாரிடமும் சொல்லாமல், சதுப்பு நிலத்து நெருப்பிடம் பேசிக்கொள்ளும் ஒரு பெண் என்று நமக்குப் புரிந்த பிறகு, அவள் படகு ஓட்டினாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நெருப்பு தெரிகிறது.

என் பதிலின் சாரமும் இதுதான். வாசகர்கள் நெஞ்சில் தங்கிவிடும் பெண்கள் எல்லோரிடமும் கதைக்குத் தேவைப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது. ஆசிரியர் கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, அது போக சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு ஆசை, ஒரு பிடிவாதம், ஒரு கெட்ட குணம், சில சமயம் வெறும் ஒரு பழக்கம்.

நந்தினி இதற்கு நேர் எதிர் என்று தோன்றும். கதை முழுவதும் அவள் சூழ்ச்சியில்தானே நகர்கிறது? உண்மைதான். ஆனால் சூழ்ச்சிக்காரி என்பதற்காக அவளை யாரும் விரும்பவில்லை. தமிழில் சூழ்ச்சிக்காரிகளுக்குப் பஞ்சமா என்ன. பெட்டிக்குள் வைத்திருக்கும் மீன் இலச்சினை பொறித்த அந்த வாளை எடுத்துத் தடவிப் பார்க்கும் பெண்ணாகத்தான் அவள் நினைவில் நிற்கிறாள். பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொல்லவேண்டாம் என்று கெஞ்சினாள். குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கேட்கவில்லை. அவள் யாருடைய மகள், கரிகாலன்மீது அவளுக்கு இருந்தது வெறுப்பா இன்னும் மிச்சமிருந்த காதலா, கடைசியில் அவனைக் கொன்றது யார் என்ற மூன்றையும் கல்கி பூசி மெழுகிவிட்டுப் போனார். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் அது. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கொலையைப் பற்றி வாதம் ஓயவில்லை. பெண்ணுக்கு நந்தினி என்று பெயர் வைக்க யாரும் தயங்கவும் இல்லை. வில்லிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்.

இடையில் ஒரு வார்த்தை. குந்தவையின் தோழி வானதியைப் பலர் மயங்கி விழும் பெண் என்று கேலி செய்வார்கள். பூங்குழலி குத்திக்காட்டிய வேகத்தில் ‘சிங்காதனத்தில் உட்காரவே மாட்டேன்’ என்று அவள் சபதம் போடும் இடத்தை மறுபடி வாசித்துப் பார்க்கலாம். அரசனாகப் போகிறவனை விரும்பும் பெண், அரியணை வேண்டாம் என்கிறாள். குத்திக்காட்டியவளோ கடைசியில் ராணியாகிறாள். கல்கிக்குக் குறும்பு அதிகம்.

இந்த அளவுகோலை வெளிநாட்டு நாவல்களிலும் வைத்துப் பார்க்கலாம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் எலிசபெத் பென்னட்டை வாசகர்கள் விரும்புவது, டார்சியின் கர்வத்தை அடக்கினாள் என்பதற்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதற்கு வெகு முன்பே. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் மூன்று மைல் சேற்றில் நடந்து போகிறாளே, அந்த இடம். உள்பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேறு என்று பணக்கார வீட்டுப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனிதர்களை எடைபோடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அவள், விக்கம் என்ற இளைஞன் விஷயத்தில் முழுசாக ஏமாந்து போகிறாள். புத்திசாலி ஏமாறுவதைப் பார்த்தால்தான் அந்தப் புத்திசாலித்தனத்தில் நமக்கு நம்பிக்கை வருகிறது.

சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) வேறு மாதிரி. ஜேனுக்கு அழகு இல்லை, சொத்து இல்லை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அவளை மணக்கவிருந்த ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், மனநிலை சரியில்லாத அவளை மாடி அறையில் அடைத்து வைத்திருக்கிறான் என்று கல்யாண நாளில் தெரியவருகிறது. அவன் கெஞ்சுகிறான். ஜேன் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். சரி, இதுவரை எந்தக் கதாசிரியரும் எழுதுவார். பிராண்டி அதோடு விடவில்லை. கையில் இருந்த காசு வண்டிக்கூலிக்குப் போகிறது. துணி மூட்டையை வண்டியிலேயே மறந்துவிட்டு இறங்குகிறாள். பொட்டல் வெளியில் படுத்துத் தூங்குகிறாள். பன்றித் தொட்டியில் கொட்டப்போன ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். சுயமரியாதையோடு வெளியேறுவது ஒரு வசனத்தில் முடிந்துவிடும் காரியம் இல்லை, அதற்குப் பசி என்று ஒரு விலை இருக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. இன்றைக்கு எழுதப்படும் ‘வலிமையான பெண்’ பாத்திரங்களில் பலரும் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறுவார்கள். அடுத்த அத்தியாயத்தில் நல்ல வேலையில் இருப்பார்கள். நடுவில் அந்தக் கஞ்சி இருக்காது. அதனால்தான் புத்தகத்தை மூடியதும் மறந்துபோகிறார்கள்.

டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவுக்கு ஒரே ஒரு காட்சி போதும். பின்னால் காதலனாகப் போகும் விரான்ஸ்கியை ரயில் பயணத்தில் சந்தித்துவிட்டு பீட்டர்ஸ்பர்க் நிலையத்தில் இறங்குகிறாள். கணவன் நின்றுகொண்டிருக்கிறான். ஐயோ, இவன் காதுகள் ஏன் இப்படி ஆகிவிட்டன என்று நினைக்கிறாள். காது நேற்றும் அப்படித்தான் இருந்தது. மாறியது அவள். ஒரு கல்யாணம் முறியத் தொடங்குவதைக் காதை வைத்துச் சொல்ல டால்ஸ்டாயால்தான் முடியும். அன்னா செய்வதை ஒப்புக்கொள்ளாத வாசகர்கள் எத்தனையோ பேர். அவளைப் பிடிக்காது என்று சொன்னவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாசகர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: ஆசிரியரோடு எவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கலாம். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ முதல் பகுதி 1868இல் வந்தபோது, நாயகி ஜோவுக்கும் பக்கத்து வீட்டு லாரிக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லிப் பெண் வாசகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். யாரையும் திருப்திப்படுத்துவதற்காக ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று ஆல்காட் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டாம் பகுதியில் வயதான ஒரு பேராசிரியரைக் கொண்டுவந்து ஜோவுக்குக் கட்டிவைத்தார். அந்தக் கோபம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை.

தமிழில் இதைவிடப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண், யாரென்று தெரியாதவனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்தவளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொந்தளித்தார்கள். ஜெயகாந்தன் பதில் கட்டுரை எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு நாவல் எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே பெண்ணுக்குக் கங்கா என்று பெயர். அவள் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஊரைக் கூட்டிவிட்டாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். படிக்கவைத்த மாமாவும் யோக்கியன் இல்லை. வருடங்கள் கழித்து, தன் கதையைப் போலவே இருக்கும் அந்தச் சிறுகதையைக் கங்காவே பத்திரிகையில் வாசிக்கிறாள். நம் அம்மாவும் இப்படிச் செய்திருந்தால் என்ற எண்ணத்தோடு வாசிக்கிறாள். தன்னைக் கெடுத்தவனையும் தேடிக் கண்டுபிடிக்கிறாள்.

கங்காவை நான் முதல் வரிசையில் வைப்பதற்குக் காரணம் அவள்மீது வரும் பரிதாபம் இல்லை. பிரபு என்ற அந்த ஆளைக் கண்டுபிடித்த பிறகு அவள் நடந்துகொள்ளும் விதம் எந்த நியாயத்திலும் அடங்காது. பழி வாங்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவனோடு ஒரு பழக்கம் வருகிறது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் காலத்திலும் இது பலருக்கு ஒப்பவில்லை. இன்றைய வாசகர்களுக்கு வேறு காரணங்களுக்காக ஒப்பாது. ‘அவனிடம் போய் ஏன் பேசவேண்டும்’ என்று கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் கோபம் வருகிற அளவுக்கு அவள் நமக்கு மனுஷியாகிவிட்டாள் பாருங்கள். இந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தி. ஜானகிராமனின் பெண்களைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ‘மோகமுள்’ யமுனாவை ஆண்கள் காதலிப்பதில் ஆச்சரியம் இல்லை. பாபுவின் கண் வழியாகத்தான் நாம் அவளைப் பார்க்கிறோம், பாபுவோ அவளைச் சிலையாக்கிப் பூப்போடுகிறான். நாவலின் முக்கால்வாசி தூரம் எனக்கு யமுனாவைத் தெரியவே தெரியாது, பாபுவின் யமுனாவைத்தான் தெரியும். தன்னைவிடப் பத்து வயது இளையவனின் ஆசையை வருடக்கணக்காகத் தள்ளிவைத்து, கடைசியில் இணங்கி, அது முடிந்ததும் ‘இதற்குத்தானே’ என்று கேட்கிறாளே, அந்த ஒரு கேள்வியில்தான் யமுனா சொந்தக் குரலில் பேசுகிறாள். அது குத்தலா, அலுப்பா, பரிவா? மூன்றாகவும் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். பெண் வாசகர்கள் பலர் அலுப்பு என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

யமுனாவைவிட எனக்கு ‘அம்மா வந்தாள்’ அலங்காரம்மீது மதிப்பு அதிகம். கணவன் இருக்கும்போதே இன்னொருவரோடு உறவு. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மகனை மட்டும் வேதம் படிக்க அனுப்புகிறாள், அவன் படித்துத் தேறி வந்தால் தன் பாவம் கரையும் என்று. அவன் பாடசாலையிலேயே தங்கிவிடுவது என்று முடிவானதும் காசிக்குக் கிளம்புகிறாள். அவள் கெட்டவள் என்றோ பாவப்பட்டவள் என்றோ ஜானகிராமன் ஓர் இடத்திலும் தீர்ப்பு எழுதவில்லை. குற்ற உணர்வும் கம்பீரமும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருக்கமுடியும் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய பாத்திரம் தமிழில் குறைவு.

சரி, இதுவரை சொன்ன தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் ஆண்கள்தான் எழுதினார்கள். பெண்கள் எழுதும்போது என்ன மாறுகிறது? என் கண்ணுக்குப் பட்டவரை, அழகைப் பற்றிய வர்ணனை குறைகிறது, இடத்தைப் பற்றிய விவரம் கூடுகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் ஜீஜீ என்ற மாமியார் வருகிறாள். இருட்டான அந்தச் சமையலறைதான் அவள் ராஜ்யம். மருமகள் மீனாட்சி அதைக் கொஞ்சம் வசதியாக்கலாம் என்று யோசனை சொல்கிறாள். நடப்பது என்னவென்றால், மலை தெரிந்துகொண்டிருந்த ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தக் கொடி கட்டிவிடுகிறார்கள். மலை மறைகிறது. இந்த ஒரு கொடியைப் பார்த்துக் கோபப்படாத பெண் வாசகரை நான் சந்தித்ததில்லை. ஆனால் கதையின் உயிர் ஜீஜீதான். தன்னை அடைத்துவைத்த அறையிலிருந்தே அதிகாரத்தையும் எடுத்துக்கொண்ட பெண் அவள். அதை விட்டுவிடு என்று சொன்னால் அவளிடம் என்ன மிஞ்சும்?

வாசகர்களின் பிரியம் காலத்தோடு இடம் மாறுவதும் உண்டு. ஜேன் அயரில் மாடி அறையில் அடைபட்டுக் கிடந்தவளைப் பல தலைமுறைகள் ஒரு பூதமாகத்தான் வாசித்தன. ஜீன் ரைஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் அவளுக்கு ஒரு குழந்தைப் பருவமும் சொந்தக் குரலும் கொடுத்தார். அதை வாசித்தபிறகு ராச்செஸ்டரைப் பழைய மாதிரி ரசிப்பது கஷ்டம். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ அகலிகைக்கு இதையேதான் செய்தது. தீக்குளித்த கதையைச் சீதை அமைதியாகச் சொல்ல, ‘அவன் கேட்டானா?’ என்று அகலிகை கத்துகிறாள். ராமன் காலடி பட்டு எழுந்தவள் மறுபடி கல்லாகிறாள். ராமாயணத்தில் அவளுக்குக் கல்லாவதும் எழுவதும் தவிர வேறு வேலை இல்லை. கோபப்படுகிற உரிமையைப் புதுமைப்பித்தன்தான் கொடுத்தார்.

காப்பியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் கண்ணகியைச் சொல்வேன், ஆனால் மதுரையை எரித்த கண்ணகியை அல்ல. அதற்கு முன்னால் தோழி தேவந்தி வந்து, இன்னின்ன குளத்தில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள். ‘பீடன்று’, அதாவது அது பெருமை ஆகாது, என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணகி பேசாமல் இருக்கிறாள். அவ்வளவு நேரம் வாய் திறக்காத பெண் என்று நாம் நினைத்திருந்தவளுக்குள் என்ன இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. வழக்காடும் காட்சி அதன் தொடர்ச்சிதான்.

கலகம் செய்பவளைத்தான் வாசகர்கள் விரும்புவார்கள் என்றும் இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆரோக்கியம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. தலித் மக்களின் குடியிருப்புக்குத் துணி வெளுத்துக் கொடுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைப்பவள். காலம் மாறுகிறது, வெளுக்கப் போடும் துணி குறைகிறது, கிடைக்கும் தானியம் குறைகிறது. தான் கட்டிக் காத்த முறை கண் முன்னால் சரிவதைப் பார்த்து அவள் ஒப்பாரியாகப் புலம்புகிறாள். அந்த முறையே அவளை நசுக்கிய முறைதான் என்று வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முற்போக்கான பெண் பாத்திரம் வேண்டும் என்று தேடுபவர்கள் இவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகக்கூடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கி. ராஜநாராயணனின் ‘கன்னிமை’ சிறுகதையைச் சொல்வேன். சின்னக் கதை, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். முதல் பாதியில் நாச்சியார் என்ற பெண்ணைப் பற்றி அவள் அண்ணன் சொல்கிறான்: கை நிறைய அள்ளிக் கொடுப்பவள், வேலைக்காரர்களுக்கெல்லாம் செல்லம். இரண்டாம் பாதியில் அவள் கணவன் சொல்கிறான்: அதே நாச்சியார் இப்போது சில்லறைக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறாள். நடுவில் நடந்தது கல்யாணம் மட்டும்தான். யாரும் கொடுமை செய்யவில்லை, அவளும் எதையும் குறையாகச் சொல்லவில்லை. வாசித்துவிட்டு வீட்டில் இன்னொருவருக்கும் கொடுங்கள். முதல் பாதி நாச்சியார் அசலா, இரண்டாம் பாதி நாச்சியார் அசலா என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணம் ஆனவர்களும் ஆகாதவர்களும் பெரும்பாலும் வேறு வேறு பக்கம்தான் நிற்பார்கள்.